ஸ்கூபா ஸ்டீல் டேங்க்: 3442 வாங்குவதா, 2400 வாங்குவதா?

சிங்கப்பூரில் டைவ் செய்கிறேன், சொந்தமாக ஒரு ஸ்டீல் டேங்க் வாங்க வேண்டும், அதிக அழுத்தமா குறைந்த அழுத்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: உங்களுக்குக் காற்று நிரப்பித் தரும் கடையில் எத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏற்றுகிறார்கள்?

நான் நிரப்பும் இடத்தில் 200 பார்தான். பரவலாகப் புழங்கும் அலுமினியம் 80 டேங்குகளுக்கு அதுவே பழக்கம். இந்த 200ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். அமெரிக்க அளவில் எச்பி100 (எச்பி என்றால் அதிக அழுத்தம்), எல்பி85 (எல்பி என்றால் குறைந்த அழுத்தம்) இரண்டும் உள்ளே ஏறக்குறைய 13 லிட்டர் கொள்பவை. எச்பியின் அழுத்த வரம்பு 3442 பிஎஸ்ஐ (அமெரிக்க அழுத்த அலகு), அதாவது 237 பார். எல்பியின் வரம்பு 2400 பிஎஸ்ஐ. நீரழுத்தச் சோதனையில் '+' முத்திரை வாங்கியிருந்தால் பத்து சதவீதம் கூடுதலாக 2640, சுமார் 182 பார். ஆக, 200 பார் கிடைத்தால் எச்பி முழுதாக நிரம்பாவிட்டாலும் சுமார் 2,600 லிட்டர் காற்று தரும். எல்பியை 182இல் நிறுத்தியாக வேண்டும், சுமார் 2,370 லிட்டர். அலுமினியத்தில் 2,220தான்.

ஃப்ளோரிடா குகை டைவர்கள் எல்பி டேங்கை 3600 பிஎஸ்ஐ வரைகூட ஏற்றுவார்கள் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். பக்கத்தில் நின்று நிரப்புகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது.

எல்பி95 வேறு கதை. 15 லிட்டர் கொள்ளும், 182 பாரிலேயே 2,700 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆனால் 17, 18 கிலோ எடை. ஈரமான படகுத் தளத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஏணி வரை நடந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். நான் எச்பி100 எடுத்தேன்.

காற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் மிதப்பு. சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் டைவ் முடிந்து 5 மீட்டரில் நிற்கும்போது, 50 பார் மிச்சமிருக்கும் அலுமினிய டேங்கின் அடிப்பகுதி மேலே தூக்கும், தலை கீழே சாயும். கையெட்டும் தூரம்தான் தெரிகிற கலங்கல் நீரில் அது பெரிய தொல்லை. ஸ்டீல் கடைசி வரை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். இடுப்பிலிருந்து 2 கிலோ ஈயத்தைக் கழற்றிவிட்டேன்.

இதில் ஒரு கவனம் வேண்டும். நம் கடல் வெதுவெதுப்பானது, பலர் மெல்லிய வெட்சூட் போட்டுக்கொண்டு, ஏன் ரேஷ் கார்ட் எனும் மெல்லிய நீச்சல் சட்டையோடே இறங்குகிறார்கள். அப்படி இறங்கினால் கனமான ஸ்டீல் டேங்க் உங்களைத் தேவைக்கு மேல் அழுத்தும். பிசிடி (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) கிழிந்தால் கழற்றி எறிய ஈயம் இருக்காது. முழு டேங்கோடு, பிசிடியில் காற்றே இல்லாமல், காலில் மாட்டிய துடுப்பை மட்டும் அடித்து மேலே வர முடிகிறதா என்று ஆழம் குறைந்த இடத்தில் பயிற்சியாளருடன் பார்த்துவிடுங்கள்.

பழைய டேங்க் வாங்குவதானால் தோளில் அடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். 3ஏஏ2400 என்றால் எல்பி. கடைசி நீரழுத்தச் சோதனைத் தேதியும் அதன் பக்கத்தில் '+' இருக்கிறதா என்பதும் முக்கியம். அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். உப்புநீர் தேங்கித் துரு பிடிப்பது அங்கேதான். என் டேங்கில் எட்டே மாதத்தில் வளையம் போல ஒரு கோடு விழுந்திருந்தது. இப்போது ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் அந்த உறையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாகக் காயவைக்கிறேன்.