பேராசிரியர் பதில்கள்: எந்தப் பெட்டியைத் திறந்தார்?

(இந்த இதழில் வந்த கேள்விகளில் அமெரிக்கக் குடியரசு பிறந்த வரலாறு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.)

கே: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். நோட்ஸை மட்டும் நம்பக் கூடாது என்று கார்டன் வுட் எழுதிய ‘த கிரியேஷன் ஆஃப் தி அமெரிக்கன் ரிபப்ளிக்’ புத்தகத்தை நூலகத்தில் எடுத்தேன். அறுபது பக்கம் தாண்ட முடியவில்லை. என் ஆங்கிலம்தான் காரணமா?
– மாணவி, திருநெல்வேலி

ப: உங்கள் ஆங்கிலத்தின் மேல் பழி போடாதீர்கள். 1969-ல் வந்த அந்தப் புத்தகம் சக ஆய்வாளர்களுக்காக எழுதப்பட்டது. 1776 முதல் 1787 வரையிலான காலத்துக்கு அறுநூறு பக்கத்துக்கு மேல். முதல் பகுதியில் சம்பவம் என்று ஒன்றும் நடக்காது. சுதந்திரம், பொது நலம், ஊழல் பற்றியெல்லாம் அந்தக் காலத்து ஆட்கள் என்ன நினைத்தார்கள் என்று மேற்கோளுக்கு மேல் மேற்கோளாக அடுக்கிக்கொண்டே போவார். பழகியவர்களுக்கே மூச்சு முட்டும்.

இப்போதைக்கு அதை மூடி வையுங்கள். எட்மண்ட் மார்கனின் ‘த பர்த் ஆஃப் தி ரிபப்ளிக்’ என்ற சின்னப் புத்தகத்தை எடுங்கள். 1956-ல் வந்தது. 1763-ல் பிரெஞ்சுக்காரரை ஜெயித்த பிரிட்டன் கழுத்தளவு கடனில் நின்றதில் தொடங்கி 1789-ல் புதிய அரசு பதவியேற்பது வரை கதையாகச் சொல்லிவிடுவார். அதை முடித்துவிட்டு வுட்டிடம் திரும்புங்கள். அப்போதும் முதல் பக்கத்துக்குப் போக வேண்டாம், நேராக மூன்றாம், நான்காம் பகுதிகளுக்குப் போங்கள். மாநிலச் சட்டமன்றங்கள் என்ன செய்தன என்பது அங்கேதான் இருக்கிறது. பென்சில்வேனியா 1776-ல் தனக்கு எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்தைப் பாருங்கள். மேலவை இல்லை, ஆளுநர் இல்லை. ஒரே அவை, வருடா வருடம் தேர்தல். சாதாரணமாக ஒரு மசோதாவை அச்சடித்து மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டு, அடுத்த கூட்டத்தொடரில்தான் சட்டமாக்கலாம். இதைப் பார்த்துச் சொத்துள்ளவர்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்கியது என்று புரிந்தால், 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு 55 பேர் பேசி நாட்டுக்கே ஓர் அரசியல் சட்டம் எழுதியது ஏன் என்பதும் புரியும்.

இன்னொன்று. எந்த வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தாலும், இவர் எந்தப் பெட்டியைத் திறந்தார், அதாவது எந்த ஆவணங்களை வைத்து எழுதினார் என்று முதலில் பாருங்கள். வுட்டின் ஆசிரியர் பெர்னார்ட் பெய்லின், புரட்சிக்கு முன்பு அமெரிக்காவில் அச்சான துண்டுப் பிரசுரங்களைப் பதிப்பிக்கப் போனார். அதற்கு எழுதிய முன்னுரை வளர்ந்து 1967-ல் தனிப் புத்தகமாகவே ஆகிவிட்டது. பிரசுரங்களைத் திறந்தவருக்குக் கருத்துகள் கண்ணில் படும். குருவும் சீடரும் கருத்துகளைப் பற்றியே எழுதியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கே: 1787-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் தன்னலமற்றவர்கள் என்கிறது ஒரு புத்தகம். கடன் பத்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்த பணக்காரர்கள் என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ப: பேரேட்டோடு வாழ்ந்தவர் நீங்கள், இந்தக் கதை உங்களுக்கு ருசிக்கும். வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் திறந்த பெட்டி, வாஷிங்டனில் கருவூலத்தில் தூசி படிந்து கிடந்த பழைய கணக்குப் புத்தகங்கள். போர்க்காலத்தில் கையில் காசில்லாமல் அரசாங்கம் சிப்பாய்க்கும் சரக்கு கொடுத்தவனுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தது. பத்திரத்தின் மதிப்பு சரிந்தது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று சிப்பாய் அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளினான். வசதியுள்ளவர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். வலுவான மத்திய அரசு வந்து முழு மதிப்பைக் கொடுத்தால் யாருக்கு லாபம்? ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தவர்களில் யார் யாரிடம் பத்திரம் இருந்தது என்று பெயர் பெயராக எழுதி 1913-ல் வெளியிட்டார் பியர்ட். பெரிய கூச்சல் எழுந்தது.

1958-ல் ஃபாரஸ்ட் மெக்டொனால்ட் அதே மாதிரிக் கணக்கை எல்லா மாநிலங்களுக்கும் போட்டார். சட்டத்தை எதிர்த்தவர்களிடமும் பத்திரம் இருந்தது, பல இடங்களில் இரு தரப்புக்கும் சொத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டினார். பியர்ட் கதை முடிந்தது என்று பாடப்புத்தகங்கள் எழுதிவிட்டன.

முடியவில்லை. 2007-ல் வுடி ஹோல்டன் கேள்வியையே மாற்றிக் கேட்டார். மாநாட்டுக்கு வந்தவரின் சட்டைப் பையை விடுங்கள், பத்திரத்துக்கு வட்டி கொடுக்க வரி கட்டியது யார்? விவசாயி. மாசசூசெட்ஸில் தங்கமும் வெள்ளியும் கண்ணில் படாத கிராமங்களிலிருந்து உலோகக் காசாகவே வரி கேட்டார்கள். அங்கே 1786-ல் விவசாயிகளின் ஷேஸ் கிளர்ச்சி வெடித்தது. வேறு சில மாநிலங்களில் சட்டமன்றம் இறங்கிவந்து காகிதப் பணம் அச்சிட்டது, கடனுக்குத் தவணை கொடுத்தது. இப்போது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் பத்தாம் உட்பிரிவைப் படியுங்கள். மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, ஒப்பந்தக் கடமையைக் குலைக்கும் சட்டம் போடக் கூடாது. யாருக்குப் பயந்து எழுதியது என்று தெரிகிறதல்லவா?

நான் ஹோல்டன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் மாநாட்டில் முன்னணியில் நின்ற ஜேம்ஸ் மேடிசனைப் பணத்தை வைத்து மட்டும் விளக்க முடியாது. அதற்கு வுட் வேண்டும். ஒரு கொசுறு: பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் நிலம் வாங்கச் சொல்வார், மனைவி அபிகேல் பத்திரம் வாங்கலாம் என்பார். காசு பார்த்தது அந்த அம்மா சொன்ன வழியில்தான்.

கே: அடிக்குறிப்புகளைப் படித்தே ஆக வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

ப: எல்லாவற்றையும் வேண்டாம். அத்தியாயத்துக்கு நாலைந்து இடத்தில் குனிந்து பார்த்தால் போதும். 1787 மாநாட்டில் இன்னார் இப்படிப் பேசினார் என்று எந்த ஆசிரியர் எழுதினாலும் கீழே பெரும்பாலும் மேடிசனின் குறிப்புகள்தான் சாட்சி. அவை அச்சேறியது 1840-ல், அவர் இறந்து நாலு வருடம் கழித்து. மேரி சாரா பில்டர் என்ற சட்டப் பேராசிரியை மூலத் தாள்களையே உட்கார்ந்து ஆராய்ந்து, மேடிசன் அவற்றைப் பிற்பாடு பலமுறை திருத்தியதையும், ஆகஸ்ட் 21-க்கு அப்புறமான பகுதியை மாநாடு முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகே எழுதி முடித்தார் என்பதையும் 2015-ல் ஒரு புத்தகமாக வாதிட்டார். அடிக்குறிப்பில் மேடிசன் பெயரைப் பார்த்தால் எனக்கு இப்போது பேனா தானாக ஓரத்தில் ஒரு கோடு போடுகிறது.

கே: அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை எங்கள் ஊரில் நடந்தது என்கிறார்களே, கதையா?
– வாசகர், கடலூர்

ப: கதையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததால் போர் உலகம் சுற்றியது. 1783 ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானப் பூர்வாங்க உடன்படிக்கை ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது, செய்தி வந்து சேரவில்லை. முந்தைய வருடம் பென்சில்வேனியா வணிகர்கள் ஆயுதம் பூட்டிய ஒரு கப்பலுக்கு ஹைதர் அலியின் பெயரை வைத்திருந்தார்கள். ஆங்கிலேயனை அடித்தவன் என்ற ஒரே தகுதி போதுமானதாக இருந்தது.

கே: ‘மனிதர் அனைவரும் சமம்’ என்று எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தார். அந்த ஆளைப் பற்றி நான் ஏன் படிக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

ப: உங்கள் கோபம் நியாயம். தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் அவர். அனெட் கார்டன்-ரீடைப் படியுங்கள், கோபம் கூர்மையாகும். மேடிசன் ஹெமிங்ஸ் என்பவர் 1873-ல் ஒஹையோ பத்திரிகை ஒன்றில் தன் கதையைச் சொன்னார். அம்மா சாலி, ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில் அடிமை, அப்பா ஜெஃபர்சன். வரலாற்றாசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேல் அதை ஒதுக்கித் தள்ளினார்கள். ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் வேறு உறவினர்கள் மேல் கை காட்டியதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கார்டன்-ரீட் வக்கீல். இரண்டு சாட்சியங்களையும் ஒரே தராசில் வைத்து, ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளியதற்கு என்ன காரணம் என்று 1997-ல் குறுக்கு விசாரணை செய்தார். மறு வருடமே மரபணுச் சோதனை வந்தது. சாலியின் கடைசி மகன் வழி வந்தவரிடம் ஜெஃபர்சன் குடும்பத்து ஆண்வழி மரபு இருந்தது. கை காட்டப்பட்ட உறவினர்கள் பொருந்தவில்லை. பெட்டி அத்தனை காலமும் திறந்துதான் கிடந்தது. உள்ளே இருந்த தாளைக் கையில் எடுக்கத்தான் மனசில்லை.

முதல் பதிலில் சொன்ன எட்மண்ட் மார்கன் 1975-ல் வர்ஜீனியாவைப் பற்றி எழுதிய ‘அமெரிக்கன் ஸ்லேவரி, அமெரிக்கன் ஃப்ரீடம்’ உங்களுக்கு அடுத்த புத்தகம். சுதந்திரப் பேச்சும் அடிமை முறையும் ஒரே மண்ணில் சேர்ந்தே வளர்ந்தது எப்படி என்று சொல்கிறது.

கே: தத்துவம் வேண்டாம் சார். சினிமா மாதிரி ஓடுகிற ஒரு ஆய்வுப் புத்தகம் சொல்லுங்கள்.
– வாசகர், காரைக்குடி

ப: பாலின் மேயரின் ‘ராட்டிஃபிகேஷன்’, 2010. எழுதிய சட்டத்தை மாநிலங்கள் ஏற்ற கதை. 1787 செப்டம்பரில் பென்சில்வேனியாவில் எதிர்ப்பாளர்கள் அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் செய்ய, அவைக்கு வராமல் விடுதியில் இருந்துகொண்டார்கள். 46 பேர் வேண்டும், 44தான் இருக்கிறது. ஒரு கும்பல் போய் இரண்டு உறுப்பினர்களைத் தெருவில் இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தது. அதில் ஒருவர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகிறேன் என்று எழுந்தார், விடவில்லை. நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தடித்த புத்தகம்தான், ஆனால் மாநிலம் மாநிலமாகப் பிரித்துப் படிக்கலாம். நியூயார்க்கில் ஆதரவு 30, எதிர்ப்பு 27, மாசசூசெட்ஸில் 187க்கு 168 என்று மயிரிழையில் போகும். ரோட் தீவு 1790 மே வரை இழுத்தடித்து, 34க்கு 32 என்று வந்து சேர்ந்தது. அதற்குள் வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஒரு வருடம் ஓடிவிட்டது.