கல்லடி மணலில் ஒரு வெற்றுக்கோது

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

ஜப்பானிய விமானங்கள் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிய 1942 ஏப்ரல் 9ஆம் திகதியை வைத்து நீங்கள் எழுதிய சிறுகதையில், மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் காவல் நிற்கும் பிரித்தானியச் சிப்பாய் தன் தொம்சன் துப்பாக்கியின் வலப்பக்கப் பிடியை இழுத்து வானத்தை நோக்கிச் சுடுகிறான். மணலில் விழும் 9 மில்லிமீற்றர் வெற்றுக்கோதை ஒரு சிறுவன் பொறுக்குகிறான். தொம்சனுக்கு அந்த ரவை பொருந்தாதே? துப்பாக்கியை ஸ்டென் என்று மாற்றிவிடலாமே?

வாசகர், கல்முனை

அன்புள்ள நண்பருக்கு,

பிழை என்னுடையதே. எண்பதுகளில் எங்கள் ஒழுங்கையில் பொறுக்கி, உதட்டில் வைத்துச் சீழ்க்கையடித்த கோதுகள் நாங்கள் எஸ்.எம்.ஜி என்று அழைத்த 9 மில்லிமீற்றர் ஸ்டேர்லிங் துப்பாக்கியினுடையவை. அதில் ஒன்றைத்தான் நாற்பது ஆண்டுகள் பின்னே கொண்டுபோய்க் கல்லடி மணலில் போட்டுவிட்டேன். தொம்சனின் ரவை, அமெரிக்க இராணுவம் 1911இல் தன் கைத்துப்பாக்கிக்கு ஏற்றுக்கொண்ட அதே 0.45 அங்குல ரவை.

வலப்பக்கப் பிடியும் பிழை. பிரித்தானியர் 1940இலிருந்து வாங்கியது 1928ஆம் ஆண்டு வகை; அதில் இழுக்கும் குமிழ் மேற்புறத்தில் இருக்கும். சுடுகையில் பின்னடிப்பைத் தாமதிக்கவென்று வைத்திருந்த வெண்கலப் பூட்டு இல்லாமலே, உள்ளே முன்னும் பின்னும் ஓடும் கனமான இரும்புத் துண்டின் எடையைக் கொண்டே துப்பாக்கி இயங்கும் என்று கண்ட பிறகு, அந்தப் பூட்டை நீக்கிப் பிடியை வலப்பக்கத்துக்கு மாற்றிய எளிய வகையை அமெரிக்கா ஏற்றதே 1942 ஏப்ரலில்தான். அது அதே மாதத்தில் மட்டக்களப்புக்கு வந்திருக்க வழியில்லை.

நீங்கள் சுட்டாத ஒரு பிழையையும் நானே சொல்லிவிடுகிறேன். சன்னம் தலைக்கு மேலே சாட்டை வெடித்தாற்போல் போனது என்று எழுதியிருந்தேன். அந்த வெடிப்பு ஒலியை முந்தும் சன்னத்துக்கு உரியது. 9 மில்லிமீற்றர்ச் சன்னம் ஏறத்தாழ ஏழரைக் கிராம் எடையுடன் ஒலியை முந்திப் பறக்கும், 0.45 சன்னமோ அதைப்போல இரு மடங்கு, 15 கிராம் எடை கொண்டது, வினாடிக்கு 280 மீற்றர் அளவில் ஒலிக்குப் பின்னேதான் வரும். ரவையை மாற்றினால் கதையின் சத்தமும் மாறிவிடுகிறது.

ஆனால் ஸ்டென் வேண்டாம். 9 மில்லிமீற்றர் ரவைக்கென்றே 1941இல் மலிவாகச் செய்யப்பட்ட அந்த இரும்புக் குழாய்க்கு 32 ரவைக்கூடு இடப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எடை மூன்றேகால் கிலோவுக்குள் அடங்கும். என் சிப்பாயோ ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைந்த தொம்சனைச் சுமந்து வெயிலில் தோள் மாற்றி மாற்றி நிற்பவன், அந்தக் களைப்பில்லாமல் அவன் விமானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கவே மாட்டான்.

ஆகவே குமிழ் மேலே போகும், சாட்டை போய்விடும். பொறுக்கிய கோதுக்குள் சிறுவன் தன் சின்னவிரல் நுனியை விட்டுப் பார்ப்பான்; 0.45 கோதின் வாய் அதற்கு இடம் கொடுக்கும், நான் ஊதியதில் அது நுழைந்ததேயில்லை.