கலிபோர்னியா மாநில அரசும் வீட்டிலிருந்து வேலையும்: கேள்வி பதில்

கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்றில் டெலிவொர்க், அதாவது வீட்டிலிருந்து வேலை, அதற்கான ஒருங்கிணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாநில ஊழியர்களின் டெலிவொர்க் விதிகள் பற்றிக் கேளுங்கள். விசா, வருமான வரி என் துறை இல்லை.

புது ஊழியர், சாக்ரமெண்டோ: அக்கா, டெலிவொர்க் கோவிட் சமயத்தில் வந்த தற்காலிகச் சலுகைதான் என்கிறார் மேனேஜர். சட்டத்தில் அதற்கு இடம் உண்டா?

உண்டு. அதுவும் கோவிடுக்கு முப்பது வருடம் முன்பிருந்தே. 1973-இல் எண்ணெய் நெருக்கடிச் சமயத்தில் ‘டெலிகம்யூட்டிங்’ என்று இதற்குப் பெயரையே வைத்தவர், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாக் நில்லஸ். 1980-களின் கடைசியில் அரசுக் கட்டடங்களையும் கொள்முதலையும் பார்க்கும் மாநில ஜெனரல் சர்வீசஸ் துறை அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டு அரசு ஊழியர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்தது. அதை ஒட்டி 1990-இல் சட்டம் வந்தது. அரசுச் சட்டத் தொகுப்பில் 14200-ஆம் பிரிவிலிருந்து படியுங்கள். காற்று மாசும் சாலை நெரிசலும் குறையும், வேலை நன்றாக நடக்கும் என்று சட்டசபையே அதில் எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் ஊழியருக்கு உரிமை எதுவும் தரவில்லை. கடமை துறையுடையது. ஒவ்வொரு துறையும் தன் வேலைகளை ஆராய்ந்து, எங்கே டெலிவொர்க் சாத்தியமாகவும் பயனுள்ளதாகவும் இருக்கிறதோ அங்கே திட்டம் போட்டு நடத்த வேண்டும்.

இந்த ஆராய்ச்சி எப்படி நடக்கும்? லைசென்ஸ் விண்ணப்பம் பார்க்கும் ஒரு மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரோடு உட்கார்ந்து அந்த மேசையின் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்போம். தபால் பிரிப்பது, காசோலையைப் பதிவது, ஸ்கேன் செய்வது எல்லாம் ஆபீஸில்தான் நடக்கும். ஸ்கேன் ஆன கோப்பைச் சரிபார்ப்பது, விண்ணப்பித்தவரைப் போனில் கூப்பிடுவது, முடிவுக் கடிதம் எழுதுவது இவற்றுக்கு ஆபீஸ் தேவையில்லை. இப்படிப் பார்த்தால் ஒரே மேசையில் ஒருவருக்கு ஆபீஸில் ஒரு நாள் போதும், பக்கத்தில் இருப்பவருக்கு நான்கு நாள் தேவைப்படும். எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையை மேலிருந்து சொல்வது சட்டம் கேட்கிற வேலை இல்லை. நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

ரோஸ்வில் வாசகி: வாரம் எத்தனை நாள் போக வேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

2024 ஜூன் 17 முதல் வாரம் இரண்டு நாள் என்றார்கள். 2025 மார்ச் 3-ஆம் தேதி ஆளுநர் நியூசம் போட்ட ஆணை, அந்த ஜூலை 1 முதல் நான்கு நாள் என்றது. யூனியன்கள் பேசி, பல பிரிவுகளுக்கு அதை 2026 ஜூலை 1-க்குத் தள்ளி வைத்தன. உங்களுக்கு எது பொருந்தும் என்பது எந்த யூனியன் பிரிவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் யூனியன் ஒப்பந்தத்தின் இணைப்புக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வீடு தேடுபவர்: என் துறை சாக்ரமெண்டோவில். ட்ரேசியில் நல்ல வீடு அமைகிறது. இரண்டு நாள்தானே, ஓட்டிக்கொள்ளலாம் அல்லவா?

தயவுசெய்து அந்தக் கணக்கில் வாங்காதீர்கள். ஒரு வழிக்கே அறுபது மைலுக்கு மேல். டெலிவொர்க் ஒப்பந்தத்தைத் துறை நோட்டீஸ் கொடுத்து மாற்றலாம், நிறுத்தலாம். உங்கள் வீட்டுக்கடன் முப்பது வருடம். தினமும் போக வேண்டி வந்தாலும் தாங்கும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

கணேஷ்: வீட்டு இன்டர்நெட் பில்லை அரசு தர வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் 2802-ஆம் பிரிவு சொல்கிறதாமே?

தனியார் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். கோவிட் ஊரடங்கால்தான் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள் என்பது சாக்கு ஆகாது என்று 2023-இல் ஐபிஎம் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே வருடம் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இதே பிரிவில் கேட்டபோது, அரசு அமைப்பான முதலாளிக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. ஆகவே அரசு ஊழியர் நம்ப வேண்டியது யூனியன் ஒப்பந்தத்தை மட்டும்தான். 2021-இல் பேசியதில், வேலை நேரத்தில் பெரும்பகுதி வீட்டிலிருந்து செய்பவர்களுக்கு மாதம் 50 டாலர், அதைவிடக் குறைவாக டெலிவொர்க் செய்பவர்களுக்கு 25 டாலர். இன்றைய ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எல்க் க்ரோவ்: மேடம், வாரம் எத்தனை நாள்?

மேலே ரோஸ்வில் வாசகிக்குச் சொல்லிவிட்டேன்.

டவுன்டவுன் உணவகம்: கேபிடல் என்கிற சட்டசபைக் கட்டடம் பக்கத்தில் மதிய உணவுக் கடை வைத்திருக்கிறேன். ஊழியர்கள் வராமல் பாதிக் கடைகள் மூடிவிட்டன. எங்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லையா?

கவலை எனக்கும் உண்டு. அன்றைய சாக்ரமெண்டோ மேயர் ஸ்டெய்ன்பெர்க் இதே காரணத்துக்காகத்தான் ஊழியர்களைத் திரும்ப அழைக்கச் சொன்னார். ஆனால் உங்கள் கடைக்கு ஆள் சேர்ப்பது துறையின் பணி இல்லை, அண்ணா. அந்த வேலை நகரத்துடையது. காலி அரசுக் கட்டடங்களில் வீடுகள் வந்தால் உங்களுக்கு ராத்திரியும் வியாபாரம் இருக்கும்.

கணேஷ்: அப்படிச் சொல்லிவிட முடியாது அக்கா. சாக்ரமெண்டோவே அரசு ஆபீஸை நம்பி வளர்ந்த ஊர். அரசு கையை விரித்தால் யார் பார்ப்பது?

கையை விரிக்கச் சொல்லவில்லை, தம்பி. செலவைப் பாருங்கள். மாநிலத் தணிக்கையாளர் 2025-இல் தந்த அறிக்கையின்படி, வாரம் மூன்று நாளோ அதற்கு மேலோ டெலிவொர்க் இருந்தால் ஆபீஸ் இடத்தை 30 சதவீதம் போலக் குறைக்கலாம், வருடம் 225 மில்லியன் டாலர் வரை மிச்சமாகும். ஆணை போடும் முன் ஆளுநர் அலுவலகம் தேவையான தகவலைத் திரட்டவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. டவுன்டவுனுக்கு உதவ வேண்டுமானால் அந்தப் பணத்தில் நேராக உதவலாமே. ஒருவர் வாங்கும் சாப்பாட்டுக்காக இன்னொருவரை 80-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நிறுத்துவது எந்த விதத்தில் நியாயம்?

டவுன்டவுன் உணவகம்: வீடு வரும் வரை நான் வாடகை கட்ட வேண்டுமே.

அது உண்மைதான். அதற்கு என்னிடம் உடனடி வழி இல்லை. நகர சபைக் கூட்டத்தில் போய்ச் சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

பே ஏரியா வாசகர்: கட்டாயப்படுத்துவது என்றால் எல்லாப் பக்கமும்தான் நடக்கிறது. எங்கள் சான் பிரான்சிஸ்கோ பகுதிப் போக்குவரத்து ஆணையம் 60 சதவீதம் வீட்டிலிருந்து வேலை என்று கட்டாயமாக்கப் பார்த்ததே?

சரியாகச் சொன்னீர்கள். 2020 செப்டம்பரில் பெரிய நிறுவனங்களுக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ரயில், பஸ், சைக்கிளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் தள்ளினாலும் சரி, ஆபீஸுக்குள் தள்ளினாலும் சரி, வேலையைப் பார்க்காமல் சதவீதம் போடுவது ஒரே தவறு.

எச்-1பி விசாவில் இருப்பவர்: வேறு ஊரிலிருந்து வேலை செய்தால் மனு திருத்த வேண்டுமா?

குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். ஊர் மாறும் முன்பே கேளுங்கள்.

மதுரை போகிறவர்: இரண்டு மாதம் இந்தியாவிலிருந்து அரசு வேலையைத் தொடரலாமா?

கூடாது. விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபோல்சம்: நான்கு நாள் உறுதியா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. யூனியன் ஒப்பந்தம்! மேலே இருக்கிறது. வீடும் வாங்கிவிடாதீர்கள்.

சான் ஹோசே எச்ஆர்: 60 பேர் உள்ள தனியார் நிறுவனம் எங்களுடையது. எங்களுக்கு ஏதாவது விதி உண்டா?

பே ஏரியாவில் முழுநேர ஊழியர் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பயணச் சலுகைத் திட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். ஊழியர்களுக்குத் தர வேண்டிய பயணச் சலுகையை, விதியில் கொடுத்திருக்கும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரலாம். மாற்றுத் திட்டம் என்ற வழியில் டெலிவொர்க்கையும் காட்டலாம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 250 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களுக்கு வேறு விதி, அதை அந்தப் பகுதியின் காற்றுத்தர அமைப்பு பார்க்கிறது.

புது ஊழியர், சாக்ரமெண்டோ: அக்கா, கூடுதலாக ஒரு நாள் கேட்க வேண்டும். மேனேஜரிடம் எப்படிப் பேசுவது?

பேசாதீர்கள், எழுதுங்கள். நான் சொன்ன அந்த மேசைக் கணக்கை உங்கள் வேலைக்குப் போடுங்கள். இடது பக்கம் ஆபீஸில் மட்டும் செய்யக்கூடியவை, வலது பக்கம் மற்றவை, ஒவ்வொன்றுக்கும் வாரம் எத்தனை மணி நேரம் என்று. குழந்தை, ட்ராஃபிக் எல்லாம் முதல் பத்தியில் வேண்டாம், வேலையில் தொடங்குங்கள். மறுத்தால் காரணத்தை ஈமெயிலில் கேட்டு வாங்கி, நகலை யூனியன் பிரதிநிதிக்கு அனுப்புங்கள்.