கூத்துக்கு மாநில அரசு ஏன் பணம் ஒதுக்க வேண்டும்?

"பிடித்தவர்கள் காசு கொடுத்துப் பார்க்கட்டுமே, அரசு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். வட தமிழகத்தில் தெருக்கூத்து டிக்கெட் போட்டு நடப்பதில்லை. மகாபாரதக் கதையை ஒட்டி நடக்கும் பாரதத் திருவிழாவுக்கு ஊரே வரி போட்டுக் குழுவை அழைக்கும். யார் வேண்டுமானாலும் விடிய விடியப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், பங்குனி முதல் ஆடி வரைதான் ஆட்டம் நெருக்கமாக இருக்கும். மழை மாதங்களில் வருமானம் இல்லை. கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடமும், தோளில் அணியும் புஜக்கட்டையும் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிக்கத் தெரிந்தவர் அப்போது கூலி வேலைக்குப் போகிறார். அதைப் பார்க்கும் மகன் கூத்துப் பக்கம் எப்படி வருவான்?

நாடகமும் கேளிக்கையும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், 33ஆம் பதிவில் இருக்கின்றன. டெல்லியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. சரி, கலைகளுக்கென்று மாநில அரசின் இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. நல்லதுதான், ஆனால் அது ஆடி ஓய்ந்தவர்களுக்கு. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலை விழா பொங்கலோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால், ஐப்பசி, கார்த்திகையில் அரசுப் பள்ளிகளில் கூத்து சொல்லிக்கொடுக்க, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். துறைவாரியாகப் பணம் ஒதுக்கச் சட்டமன்றத்தில் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே உங்கள் எம்எல்ஏவிடம் இதை எழுதிக் கொடுங்கள்.