குரோமியோ ஆல்பத்தில் வரும் ‘பேசும் சிந்த்’: வோகோடரில் ஏன் வரவில்லை?

குரோமியோ என்ற இருவர் இசைக்குழுவின் பாட்டுகளில் சிந்த் (சிந்தசைசர்) பேசுவதுபோல் வரும் ஒலியை வோகோடரில், அதாவது பேசும் குரலின் வடிவத்தை சிந்த் ஒலிமேல் ஏற்றும் கருவியில், கொண்டுவரப் பார்த்தீர்களா? அது வோகோடரே இல்லை, டாக் பாக்ஸ். ‘ஃபேன்சி ஃபுட்வொர்க்’ (2007) ஆல்பத்தில் குழுவின் பி-தக் வாசிப்பது அதைத்தான். அதனால்தான் வோகோடர் பிளக்-இன்னில் (இசை மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) எவ்வளவு திருகினாலும் உங்களுக்கு ரோபோ குரலே வருகிறது.

டாக் பாக்ஸில் சிந்த்தின் ஒலி ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வாய்க்குள் போகும். நீங்கள் பாடக் கூடாது; தொண்டையை மூடிக்கொண்டு உதட்டையும் நாக்கையும் மட்டும் அசைக்க வேண்டும். முன்னால் இருக்கும் மைக் அதைப் பிடிக்கும். ஸாப் என்ற ஃபங்க் இசைக்குழுவின் ரோஜர் ட்ரவுட்மன் வழி வந்த வித்தை இது, கேட்கக் கேட்க அலுக்காது!

டாக் பாக்ஸ் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்:

1. சிந்த்தில் சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை) எடுத்து, ஃபில்டரை (ஒலியின் கூர்மையைக் குறைக்கும் வடிகட்டி) நன்றாகத் திறந்து வையுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் சொற்கள் குழறும்.
2. மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) ஒற்றைச் சுரம், லேசாக கிளைடு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது). கார்டு (பல சுரங்களைச் சேர்த்து) பிடித்தால் அந்தக் குழைவு போய்விடும்.

இந்த சிந்த் ஒலியை வோகோடருக்குக் கொடுத்தாலே பாதி தூரம் நெருங்கிவிடுவீர்கள்.

சில டாக் பாக்ஸ்களுக்குத் தனி ஆம்ப் வேண்டும். கையேட்டைப் பார்க்காமல் இணைத்தால் உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் எரிந்துபோகலாம். வால்யூமைக் குறைவாகவே தொடங்குங்கள், பல் அதிரும்.