பட்டை போட்டும் பசி அடங்கவில்லையே!

கேள்வி: எடை குறைக்க இரைப்பையில் பட்டை பொருத்தி மூன்று வாரம் ஆகிறது. முதல் பத்து நாள் பசியே இல்லை, இப்போது வயிறு கபகபவென்று எரிகிறது. பசியை அடக்கும் மாத்திரை போடலாமா?

பதில்: உங்கள் ஆபரேஷன் தோற்றுவிடவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பட்டை இன்னும் தளர்வாகத்தான் இருக்கும். பட்டையோடு இணைத்துத் தோலுக்கடியில் வைத்த சின்ன அறைக்குள் ஊசியால் உப்புநீர் ஏற்றி, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் முதல் தடவை இறுக்குவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் இரைப்பையின் மேல்பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது, ஸ்லீவ் என்ற இன்னொரு எடைக்குறைப்பு ஆபரேஷனில் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதால் பசி குறையும், உங்களுக்கு அது அப்படியே இருக்கிறது, அப்புறம் பசிக்காமல் என்ன செய்யும்?

மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம். ஃபென்டர்மைன் போன்றவை நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். ‘மூலிகை’ என்று விற்பதையும் நம்பாதீர்கள்: மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமைன் என்ற பசியடக்கும் மருந்து அப்படிப்பட்ட மாத்திரைகளில் ஒளிந்திருந்து பலமுறை பிடிபட்டிருக்கிறது. மருந்து வேண்டுமா என்று உங்கள் சர்ஜனிடமே கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

எரிகிறது என்கிறீர்களே, அது பசிதானா? ஆசிடிட்டியும் பசி மாதிரியேதான் இருக்கும், அதையும் சொல்லுங்கள். அதுவரை, உங்களுக்குச் சொன்ன உணவில் புரதத்தை முதலில், சின்ன ஸ்பூனால், நிதானமாகச் சாப்பிடுங்கள். பசி தாங்காமல் கெட்டியான உணவுக்குத் தாவினால் வாந்தி வரும், பட்டையே நழுவிவிடலாம். வாந்தி நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.