‘கேமராவைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது!’ – வாசகர் கேள்வி பதில்

நாய்களை வெளியிடங்களில் படம் எடுப்பது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எங்கள் வீட்டு நாட்டு நாய் நல்ல கறுப்பு. மொட்டை மாடியில் நிறுத்தி போனில் எடுத்தால் நாக்கு மட்டும்தான் தெரிகிறது, மற்றதெல்லாம் கரிக்கட்டை. என்ன செய்வது?
– வாசகி, தண்டையார்பேட்டை

முதலில் மாடியை விட்டுக் கீழே இறங்குங்கள். அங்கே நாய்க்குப் பின்னால் வெளுத்த வானம் இருக்கிறது. போன் அந்த வானத்தைக் கணக்கில் வைத்து வெளிச்சத்தைக் குறைக்கும்போது நாய் இருட்டில் போய்விடுகிறது.

வாசல் திண்ணையோ போர்ட்டிகோவோ போதும். கூரை நிழல் முடிகிற விளிம்பில், முகம் தெருவைப் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். தெருவின் வெளிச்சம் கண்ணில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக விழும். கறுப்பு நாய்க்கு உயிரே அந்தப் புள்ளிதான். பின்னணிக்கு மரக்கதவோ மங்கலான சுவரோ இருக்கட்டும். திரையில் கண்ணின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் தோன்றும் சின்னச் சூரியப் படத்தை மெல்ல மேலே தள்ளி, கழுத்து முடி இழை இழையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் வெளிச்சமான பின்னணியில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 முதல் 1 வரை கூட்ட வேண்டும். ஆனால் கறுப்பு முகமே படம் முழுக்க நிறைந்தால் கணக்கு தலைகீழ். கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அப்போது 0.7 குறையுங்கள். பிளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு, பிளாஷ் பட்டால் கண் பச்சையாக எரியும்.

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. பக்கத்துச் சுவர் பச்சைப் பெயின்ட் என்றால் நாயும் பச்சையாகிவிடும். சுவரை விட்டு நாலடி தள்ளி நிறுத்துங்கள்.

காசிமேடு பக்கம் கடலோரத்தில் எடுக்க எந்த நேரம் நல்லது?
– வாசகர், ராயபுரம்

நம் கடல் கிழக்கே இருப்பதால் காலைதான். ஜூனில் 5.45 சுமாருக்கும் ஜனவரியில் 6.30 சுமாருக்கும் சூரியன் எழும். அதிலிருந்து முக்கால் மணி நேரம் வெளிச்சம் தாழ்வாக, மஞ்சளாக வரும். கடலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் நின்றால் நாயின் முகத்தில் நேர்வெயில் விழும், பின்னால் ஃபைபர் படகும் வலையும் இருக்கும். ஊருக்கு முதுகைக் காட்டி நின்றால் காதோர முடி தங்கக் கம்பியாக மின்னும், ஆனால் முகத்துக்காக எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். அந்த நிழல் வெளிச்சமும் மோசமில்லை, கறுப்பு வெள்ளை கலந்த நாய்களுக்கு அதுவே நல்லது. உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்பதால் கண் இருக்கும் இடம் குழியாகத்தான் வரும்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகச் சுவர் மணலின் போக்கைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, நம் பக்கம் அரித்துக்கொண்டு போனது. அதனால்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பாசி பிடித்த கல் மேல் நாயை ஏற்றாதீர்கள், கால் இடுக்கில் மாட்டும். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளுக்கு இடையே சேர்ந்திருக்கும் மணல் திட்டுகளைத் தேடுங்கள்.

மீன் ஏலம் நடக்கும் நேரத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, வளர்ப்பு நாயை அங்கே கூட்டிப் போகவே வேண்டாம். கீழே மீன் கழிவும் தூண்டில் முள்ளும் கிடக்கும், நாய் மூக்கைத் தரையிலிருந்து எடுக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், வண்ண வண்ணப் பின்னணி கிடைக்கும். படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

எங்கள் நாய் வீட்டில் சரியான வாலு. ஆனால் கேமராவைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பி உதட்டை நக்குகிறது. அதன் குணம் படத்தில் வரவே இல்லை.
– வாசகர், பெரம்பூர்

உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது மூன்றுமே ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்பதற்கு அடையாளம். உங்கள் முகம் மறைந்துபோய் அந்த இடத்தில் ஒரு பெரிய வட்டக் கண் வந்து வெறிக்கிறது. நாய்களுக்குள் அப்படி வெறிப்பது சண்டைக்கு அழைப்பு.

நாலைந்து நாள் படமே எடுக்காதீர்கள். கேமராவைத் தரையில் வையுங்கள், மோந்து பார்க்கட்டும். தூக்குங்கள், இறக்குங்கள், ஒரு துண்டு பிஸ்கட் கொடுங்கள். அது பழகிய பிறகு ஷட்டர் சத்தத்தை அணைத்துவிட்டு, எதிரே குந்தாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து ஆரம்பியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும்.

குணத்துக்கு வருவோம். லென்ஸ் பக்கத்தில் பிஸ்கட்டை ஆட்டினால் எந்த நாயும் ஒரே முகத்தைத்தான் காட்டும், அது பசி முகம். பிஸ்கட் என்பது படம் எடுத்து முடிந்த பிறகு கொடுக்க வேண்டிய கூலி. அதற்குப் பதிலாக உங்கள் நாய் நாள் முழுக்க என்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணி லாரி சத்தம் கேட்டதும் கேட் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டுகிறதா? வண்டிச் சாவியை எடுத்தால் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் முந்திப்போய் உட்கார்கிறதா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது நடக்கிற நேரத்துக்கு முன்பே அங்கே போய், நாயின் கண் உயரத்துக்குத் தாழ்ந்து, வெளிச்சத்தையும் சட்டகத்தையும் சரிசெய்துவிட்டுக் காத்திருங்கள். கேட் கம்பி, ஸ்கூட்டர் கைப்பிடி எல்லாம் படத்தில் வரட்டும். வெறும் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது யார் வீட்டு நாயாகவும் இருக்கலாம்.

தலையைச் சாய்த்துப் பார்க்க வைக்கப் புதுச் சத்தம் ஒன்று உதவும். இரண்டு மூன்று முறைக்கு மேல் அது பலிக்காது, அதனால் எல்லாம் தயாரான பிறகே சத்தம் கொடுங்கள்.

சிப்பிப்பாறை வளர்க்கிறேன். ஓடும்போது எடுத்தால் எல்லாம் கலங்கலாக வருகிறது.
– வாசகர், திருவொற்றியூர்

ஷட்டர் வேகம் நொடியில் 1000இல் ஒரு பங்காவது வேண்டும், சிப்பிப்பாறைக்கு 1600இல் ஒரு பங்கு வையுங்கள். ஓடுவதை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் முறையில், விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டு, தொடர் படமாக அழுத்துங்கள். லென்ஸின் துவாரம் எஃப் 4 அல்லது 5.6 (எண் குறைந்தால் துவாரம் பெரிதாகும், தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும்). முகம் நீளமான நாய் என்பதால், எஃப் 1.8இல் பக்கத்தில் போய் எடுத்தால் கண் தெளிந்து மூக்கு கலங்கும். ஐ.எஸ்.ஓ., அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறிப் படம் மணி மணியானாலும் பயப்படாதீர்கள். மணி மணியாகத் தெரியும் படத்தை ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிய படத்துக்கு மருந்து கிடையாது.

முதலில் குறுக்கே ஓடவிட்டுப் பழகுங்கள். நேராக வருவதைப் பிடிப்பதுதான் ஆகக் கஷ்டம். அதற்கு ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உங்களுக்கு நேர் பின்னால் நின்று கூப்பிட வேண்டும். இந்த வகை நாய் முழு வேகத்தில் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நாலு காலையும் தரையிலிருந்து எடுக்கும். ஒருமுறை உடல் வில்லாக வளைந்திருக்கும், மறுமுறை அம்பாக நீண்டிருக்கும். நீண்ட நிலைதான் அழகு என்பது எங்கள் கட்சி.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி நிற்காமல் போகும், அதன் ஓரத்தில் நாயை அவிழ்க்கவே கூடாது. வேலி அடைத்த மைதானம் கிடைக்காவிட்டால் ஐந்து மீட்டர் மெல்லிய கயிறு போட்டு, கழுத்தில் மாட்டாமல் மார்புப் பட்டையில் கோத்து ஓடவிடுங்கள். கயிற்றைப் பிறகு படத்திலிருந்து அழித்துக்கொள்ளலாம். சூடு தாங்காமல் புறங்கையைத் தரையில் 7 நொடி வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம்.

தெரு நாய்களை எடுக்க ஆசை. ஒரு நாயின் காதில் ‘வி’ வடிவத்தில் வெட்டு இருக்கிறது. அதை அழித்துவிடலாமா?
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

அழிக்காதீர்கள். கருத்தடை முடிந்த நாய் என்பதற்கு வைக்கும் அடையாளம் அது. அந்த நாயின் சரித்திரத்தில் அதுவும் ஒரு வரி.

போனில் 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்துத் தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போனால் ஆபத்து மட்டுமில்லை, அகல லென்ஸில் மூக்கு பூசணிக்காய் ஆகிவிடும். குட்டி போட்ட தாய், தின்றுகொண்டிருக்கும் நாய், தூங்கும் நாய் – இந்த மூன்றையும் நெருங்காதீர்கள். மீறிப் பல்லோ நகமோ பட்டால், கீறல்தானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் வெளியே வந்ததும் லென்ஸ் பனி மூடிக்கொள்கிறதே?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று படுவதால் வருவது. இரவே கேமராப் பையை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். மறந்துவிட்டால் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே விடுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிட்டு, பிறகுதான் லேசாக ஈரமாக்கிய துணியால் உப்பைத் துடைக்க வேண்டும். வரிசை மாறினால் கண்ணாடியில் கீறல் விழும்.